வார்னிஷ் பூசிய கல்

உலர்த்தும் அடுப்பின் கதவைத் திறந்ததும் வந்த நாற்றம் அவள் மூக்கைத் துளைத்தது. கல் காய்ந்தால் மண்வாடை அடிக்கும். இதுவோ புதுக் கதவின் வாடை. ஒரு கல்லை எடுத்து நகத்தால் சுரண்டினாள். பிசுபிசுவென்று தோல் உரிந்து வந்தது. வார்னிஷ்! சீ, கல்லுக்குப் போய் எவனாவது வார்னிஷ் அடிப்பானா? அடித்திருக்கிறானே, அவளுடைய அக்கா புருஷன்!

மலைச்சரிவை வெட்டிக் குடியிருப்பு கட்டும் ஒப்பந்தக்காரன் அவன். அந்தச் சரிவின் கல் மழைக்கு நிற்குமா, கரையுமா என்று பார்த்துச் சொல்வது இவளுடைய ஆய்வுக்கூடம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கல்லைக் காயவைத்து, கம்பிவலை உருளையில் போட்டு, தண்ணீரில் சுற்றவிட வேண்டும். நல்ல கல் குளித்துவிட்டு வந்த மாதிரி அப்படியே இருக்கும். சொத்தைக் கல் சேறாகி வலை வழியே ஒழுகிவிடும். வார்னிஷ் பூசினால் தண்ணீர் உள்ளே இறங்காது, எந்தச் சொத்தையும் தேறிவிடும்.

"மச்சினி இருக்கும்போது எனக்கென்ன கவலை?" என்று பல்லை இளித்துக்கொண்டு அவனே கொண்டுவந்து வைத்த கல். நாலு பேர் முன்னால் அவனை நாறடித்துவிடலாம். அக்காவை நினைத்தால்தான் கை வரவில்லை. ஒப்பந்தம் போனால் அந்த ஆள் அவளைத்தான் வறுத்தெடுப்பான். பாவம், வாயில்லாப் பூச்சி.

முடிவைக் கேட்க அந்த அக்காவே வந்து நின்றாள்.

"என்னடி இப்படி நாறுது?"

"எல்லாம் உன் புருஷன் லட்சணம்தான். கல்லுக்கு வார்னிஷ் அடிச்சு எங்க கண்ணுல மண்ணத் தூவப் பாக்குறாரு."

அக்கா குனிந்து மோந்து பார்த்தாள். "வெயில்ல நல்லாத்தானே காயவெச்சேன்?" என்றவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீயா?"

"பின்ன, அந்த மனுஷனுக்கு இதெல்லாம் தோணுமா? சரியான மக்கு." அக்காவின் குரலில் பெருமை வேறு. "பளபளன்னு காட்டிக்குடுத்துடக் கூடாதேன்னு மேல புழுதியும் தடவினேன்."

"அந்தச் சரிவு இடிஞ்சு விழுந்தா, கீழ இருக்கிற சனம் என்னக்கா ஆகும்?"

"நாமளா அங்க குடிபோகப் போறோம்? பேசாம நல்ல கல்லுன்னு எழுதிட்டுப் போடி."

வாயில்லாப் பூச்சியாம்! சின்ன வயதில் இந்தக் கைதானே தனக்குத் தலை பின்னிவிட்டது என்று நினைத்ததும் அவளுக்குத் தலையெல்லாம் அரித்தது.

சுத்தியலை எடுத்தாள். கல் ஒவ்வொன்றையும் உடைத்து, உள்பக்கம் தெரிய உருளையில் போட்டு, விசையைத் தட்டினாள். "ஏய், ஏய், உடைக்காதடி!" என்று அக்கா பதறியது காதில் விழாத மாதிரி நின்றாள். தண்ணீர் கலங்கியது, பழுப்பானது, குழம்பாகக் கெட்டியானது. உருளை நின்றதும் மூடியைத் திறந்து அக்காவிடம் நீட்டினாள். உள்ளே கல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சுருண்ட வார்னிஷ் தோல்கள் மட்டும் வலையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பாத்துக்கோ. நீ பூசினதுதான் மிச்சம்."

"இப்ப என்னடி எழுதப் போற?"

"கரைஞ்சுபோச்சுன்னு எழுதுவேன். பூசிக் குடுத்தது யாருன்னும் எழுதுவேன்."

அக்காவின் முகம் கறுத்தது. "நீயெல்லாம் ஒரு கூடப்பொறந்தவளாடி?"

"ஆமாக்கா," என்றாள் அவள். "அதுதான் எனக்குக் குமட்டுது."