ஓய்ந்ததும் போனதும்

சௌடப்பன் வேனில் ஏறியவன் வழியில் செத்ததாகச் சரித்திரமே இல்லை என்று அருப்புக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. எமனே ரோட்டோரம் நின்று கை காட்டினாலும் அவர் வண்டியை நிறுத்த மாட்டார் என்பார்கள். இப்படிப்பட்ட பேச்செல்லாம் தானாக முளைப்பதில்லை. கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வளர்க்க வேண்டும். சௌடப்பனும் அவர் மனைவி லிங்கம்மாளும் ஊற்றினார்கள்.

வீட்டில் கன்னடமும் வெளியில் தமிழும் பேசுகிற நெசவுக் குடும்பம். தறிகளில் பாதியை விற்று, மதுரையில் யாரோ கழித்துக் கட்டிய பழைய வேன் ஒன்றை வாங்கி, வெள்ளை பெயிண்ட் அடித்து, பக்கத்துக்கொரு சிவப்புக் கூட்டல் குறி போட்டு ஓட்டத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போக வேறு நாதி கிடையாது. ஓட்டுவது சௌடப்பன். தம்பி நாகையா பஞ்சுக்கடையில் போன் பக்கத்தில் காத்திருப்பான். லிங்கம்மாள் பின்னால் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து வருவாள். கூட வருகிற சொந்தக்காரரைப் பின்னால் விட்டால் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவார் என்று முன் சீட்டில் ஏற்றிக்கொள்வார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அதில் ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறப்பு, அதற்குத் தள்ளுகிற மூடி. பின்பக்கக் கண்ணாடிகளுக்கும் பெயிண்ட் அடித்திருந்ததால் உள்ளே இருப்பவருக்கு ரோடு தெரியாது.

இனி அந்தப் பேச்சின் சூட்சுமம். வழியில் உயிர் போய்விட்டால் பிணத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. போனால் போலீசு, அறுப்பு, இரண்டு நாள் காத்துக் கிடப்பு. அதைவிடப் பெரிய கஷ்டம் ஊரில் இருந்தது. வெளியில் செத்த உடம்பை எல்லைக்குள் விடமாட்டார்கள். பெற்ற தாய் கதறினாலும் கம்மாய்க்கரையில் கிடத்தி அங்கிருந்தே சுடுகாட்டுக்குத்தான். அதனால் பின்னால் மூச்சு அடங்கியதும் லிங்கம்மாள் மூடியைத் தள்ளி ஒரே ஒரு சொல் சொல்லுவாள்: “ஓயித்து.” கன்னடத்தில் ‘போய்விட்டது’ என்று அர்த்தம். முன் சீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்காது. சௌடப்பன் ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியை ஊருக்குத் திருப்புவார். வீட்டுக்குள் கொண்டுபோய்க் கிடத்தி, நாடி பிடித்து, “இப்பத்தான் அடங்குச்சு” என்பார்கள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம் என்றால் ஒரு பொய் சொல்லி ஒரு மனுஷனை அவன் வீட்டில் சாகவைக்கக் கூடாதா என்பது சௌடப்பன் கட்சி. அந்தச் சொல் வந்த பிறகு இருவரும் பேச மாட்டார்கள். பேசினால் அழுதுவிடுவோம் என்ற பயம்.

எழுபதாம் வருஷம் கார்த்திகை மாசம். மகள் சௌடேஸ்வரியைப் பெண் பார்க்கச் சின்னாளபட்டியிலிருந்து நாலு மணிக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. அன்றைக்கு வண்டி எடுக்க வேண்டாம் என்று லிங்கம்மாள் தலையில் அடித்துச் சொன்னாள். பன்னிரண்டு மணிக்கு மேல் எம்.ரெட்டியபட்டியிலிருந்து போன் வந்துவிட்டது. கருத்தம்மாளின் மகன் இருளப்பசாமி, பத்தொன்பது வயது. பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கும்போது காற்றுக்கு எதிரே நின்றுவிட்டான். உடம்பெல்லாம் நனைந்து, வலிப்பு மாதிரி வெட்டு வெட்டி இழுக்கிறது. இரண்டு மனசாகத்தான் சௌடப்பன் சாவியை எடுத்தார்.

கருத்தம்மாள் புருஷனை இழந்தவள். ஒரு மகன், ஒரு மகள். முன் சீட்டில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். காரியாபட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். பையனுக்கு அதுவரை விடாமல் வெட்டிய வெட்டு நின்றது. உடம்பு தளர்ந்து மூச்சு சீராக வந்தது. லிங்கம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெற்றவளுக்கும் கேட்கட்டும் என்று மூடியைத் தள்ளித் தமிழிலேயே சொன்னாள்:

“ஓஞ்சிருச்சு.”

என்ஜின் போட்ட சத்தத்தில் அது கருத்தம்மாள் காதில் விழவே இல்லை. திறப்பை ஒட்டி உட்கார்ந்திருந்த சௌடப்பன் காதில் விழுந்தது. அவர் வண்டியைத் திருப்பினார்.

“முன்னால பாலத்துல லாரி கவுந்து கெடக்காம் தாயி. வேற பாதையில போவம்” என்று கருத்தம்மாளிடம் சொன்னார். அவள் கும்பிட்டாள்.

வண்டி திரும்பியதை லிங்கம்மாளும் உணர்ந்தாள். காரியாபட்டியில் யாராவது டாக்டரிடம் காட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். வண்டி நிற்காமல் ஓடவும் தடுப்பைத் தட்டினாள். சௌடப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. அழுகிறாள், தட்டுகிறாள் என்று இருந்துவிட்டார். கல்குறிச்சி கிட்டத்தில் அவள் திறப்புக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னுமா டாக்டரு வீடு வரல? பய மறுபடி இழுக்கான்.”

பையன் உயிரோடு இருப்பது சௌடப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது. பாதை சரியாகியிருக்கும் என்று வாய்க்கு வந்ததை உளறி மறுபடி திருப்பினார். அன்றைக்கு ஓட்டிய மாதிரி அவர் அதற்கு முன்னும் ஓட்டியதில்லை, பின்னும் ஓட்டியதில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது உயிர் இருந்தது. உள்ளே போய்ச் சேர்வதற்குள் போய்விட்டது. அரைமணி நேரம் முந்தி வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர்.

போகப் பதினைந்து நிமிஷம், வரப் பதினைந்து நிமிஷம். அந்த அரைமணி எங்கே போனது என்று சௌடப்பனுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பையனை ரெட்டியபட்டிக்குக் கொண்டுவந்தார்கள். ஊருக்குள் விடவில்லை. கம்மாய்க்கரையில் வேலிமரத்து நிழலில் கிடத்தினார்கள். மகன் ஒருதரம் வீட்டுக்குள் வந்து போகட்டும் என்று கருத்தம்மாள் ஒவ்வொருவர் காலிலும் விழுந்தாள். சௌடப்பன் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கண்டதும் அவள் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: “இந்த அண்ணாச்சி ரெண்டு பாதையில ஓட்டிப் பாத்தாக. எம் மகனுக்குத்தான் கொடுத்து வைக்கல.” அதைக் கேட்டதற்குச் செருப்பால் அடி வாங்கியிருக்கலாம்.

வீட்டில் லிங்கம்மாள் கன்னடத்தில் கேட்டாள், ஏன் திருப்பினீர்கள் என்று.

“நீதான ஓயித்துன்ன.”

“நான் ஓஞ்சிருச்சுன்னுல்ல சொன்னேன். தமிழ்லதான் சொன்னேன்.”

“எங்காது என்ன செவிடா? நீ சொன்னதாலதான் திருப்புனேன்.”

முதல் நாள் லிங்கம்மாள் சௌடம்மன் மேல் சத்தியம் பண்ணினாள். இரண்டாம் நாள் யோசித்தாள். பத்து வருஷமாக அந்த மூடியைத் தள்ளினால் வருகிற சொல் ஒன்றுதானே, வாய் பழக்கத்தில் அதையே சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்றாம் நாள் நம்பிவிட்டாள். அதன் பிறகு வேனில் ஏறவில்லை. நாகையாதான் பின்னால் போனான். சின்னாளபட்டிக்காரர்கள் அன்றைக்குக் காத்திருந்து பார்த்துப் பிடித்துப்போய், தை மாசமே கல்யாணம் நடந்தது. தன் வாய் விளங்காத வாய் என்று மணவறை ஓரத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள் லிங்கம்மாள். பெற்ற மகளுக்கு ‘நல்லா இரு’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அப்படித்தான், ஊமையாகப் போய் ஊமையாக வருவாள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். சௌடப்பனுக்கு நிஜம் தெரியும். அன்றைக்கு அவர் காதில் விழுந்தது ‘ஓயித்து’ இல்லை. நடுவில் ஒரு ‘ஞ்சி’யும் விழுந்தது, பின்னால் ‘ருச்சு’ என்ற வாலும் விழுந்தது. கன்னடமா தமிழா என்று ஒரு கணம் சந்தேகப்பட்டார். “என்ன சொன்ன?” என்று திரும்பிக் கேட்டிருந்தால் தீர்ந்தது. அப்போது அவர் கண் கைக்கடிகாரத்தில் போய் நின்றது. மணி இரண்டேகால். இப்போது திரும்பினால் நாலு மணிக்கு வீட்டில் இருக்கலாம். இரண்டு சொல்லில் எது தனக்குத் தோதோ அதை எடுத்துக்கொண்டார். ஒரு பையன் செத்திருந்தால் தேவலை என்று தன் மனசு ஒரு கணம் நினைத்ததை அவர் எந்தச் சாமியிடமும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நாலு வருஷம் குறுகுறுத்தது. ஒரு நாள் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் எழுவார், வெற்றிலையைப் போட்டு அடக்கிக்கொண்டு படுப்பார்.

எழுபத்துநாலில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். வீட்டு வாசலில் கூண்டு வண்டி வந்து நின்றது. இறங்கியவள் கருத்தம்மாள். உள்ளே அவள் மகள் பெத்தம்மாள் வலியில் கிடந்தாள். தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே மதுரைக்குப் போ என்று இங்கே டாக்டரம்மா கைவிரித்துவிட்டாள். சௌடப்பன் சாவியை எடுத்தார். நாகையா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கதவைத் திறந்தான்.

“பிரசவக்காரி கூட ஆம்பள என்னத்த இருப்பாக?” என்ற கருத்தம்மாள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். “மதினி, நீங்க வாங்க. எம் மகன் தலைய மடியில வச்சிருந்த கை. ஒங்க கையிலதான் நா ஒப்படைப்பேன்.”

லிங்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நா வரல தாயி. ஒம் பிள்ள போனதே என் வாயாலதான். இதுக்கும் நா வேண்டாம்.”

“என்ன சொல்றீக மதினி?”

லிங்கம்மாள் அழத் தொடங்கினாள். வண்டிக்குள் பெத்தம்மாள் முனகினாள். கருத்தம்மாள் ஒன்றும் புரியாமல் சௌடப்பனைப் பார்த்தாள். அவருக்குத் தப்பிக்க வழி இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டால் வந்திருப்பாள். கூப்பிட வாயைத் திறந்தவர் வேறு சொன்னார். இருவருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார்.

“அவ ஒண்ணும் தப்பாச் சொல்லல. வெட்டு ஓஞ்சிருச்சுன்னு நல்ல சேதிதான் சொன்னா. உசுரு போச்சுன்னு நா எடுத்துக்கிட்டு வண்டியத் திருப்புனேன். பாலத்துல லாரியும் கவுழல, ஒண்ணும் கவுழல. எனக்குச் சந்தேகம் இருந்துச்சு தாயி. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். மகளப் பொண்ணு பாக்க வாராகன்னு கேக்காமத் திருப்புனேன். பழிய இவ தலையில போட்டேன்.”

லிங்கம்மாளின் அழுகை நின்றுவிட்டது. கருத்தம்மாள் இமைக்காமல் அவரையே பார்த்தாள். இரண்டு கையும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார்.

“எம் மக உள்ள கெடக்கா” என்றாள் கருத்தம்மாள். “வண்டிய எடுங்க.”

லிங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், பெத்தம்மாளைத் தாங்கி இறக்கி, வேனில் ஏற்றித் தானும் ஏறினாள். கருத்தம்மாளும் பின்னால்தான் ஏறினாள். முன் சீட்டு காலியாகவே இருந்தது. மதுரை வரைக்கும் மூடி திறந்தே கிடந்தது. பின்னால் லிங்கம்மாள் பெத்தம்மாளிடம் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். இந்தா ஆச்சு, மூச்ச இழுத்து விடு, ராசாத்தி, ஒனக்கு ஒண்ணும் ஆகாது, நல்லாப் பெத்துப் பிழைப்ப. நாலு வருஷமாக யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த நல்ல வார்த்தையெல்லாம் அந்தப் பெண்ணுக்குச் சொன்னாள். சௌடப்பன் ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கிக்கொண்டு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் பெத்தம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். கூடவே போக எழுந்த சௌடப்பனைக் கருத்தம்மாள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீங்க உள்ள வராதீக. ஒங்க மூஞ்சியப் பாத்தா நா ஏதாச்சும் சொல்லிருவேன். பிள்ள பெறக்குற நேரத்துல என் வாயில சாபம் வரக் கூடாது.”

சொல்லிவிட்டு லிங்கம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று மணி வரைக்கும் வேப்பமரத்தடியில் வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இந்தப் பிள்ளையாவது பிழைக்க வேண்டும், தன் உயிரை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும் என்று சௌடம்மனிடம் பேரம் பேசினார். பேரம் பேச ஒரு தகுதி வேண்டாமா என்று அவருக்கே தோன்றியது. கடைசியில் லிங்கம்மாள் தனியாக வெளியே வந்தாள்.

“ஆம்பளப் பிள்ள. ரெண்டு உசுரும் நல்லாருக்கு.”

சௌடப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்து, ஏறு போவோம் என்று கன்னடத்தில் சொன்னார். அவள் ஏறவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் தனியாக இருக்கும்போது அவரிடம் தமிழ் பேசியிராதவள், அசலாரிடம் பேசுவது மாதிரித் தமிழில் பதில் சொன்னாள்.

“நீங்க போங்க. நா நாலு நாள் இவுக கூட இருந்துட்டு பஸ்ஸுல வாரேன்.”

“வீட்டுல...”

“எம் மக கல்யாணத்துல ஒரு வார்த்த சொல்ல விடாமப் பண்ணிட்டீக. அத மொதல்ல போய் அவகிட்டச் சொல்லுங்க. நீ ஏம்மா வாயத் தெறக்கலன்னு அவ நாலு வருசமா எங்கிட்டக் கேட்டுக்கிட்டு இருக்கா.”

அவள் உள்ளே போய்விட்டாள். சௌடப்பன் சின்னாளபட்டிக்கு எந்த ரோடு என்று வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரனிடம் கேட்டார். அவருக்குத் தெரிந்த ரோடுதான், இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.