பெல்ட்டைப் பிடித்த விரல்கள்

எங்கள் கிளினிக்கின் வரவேற்பறையில், தண்ணீர் கேனுக்கு மேலே, பெரிய படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஒரே மனிதரின் ஏழு புகைப்படங்கள், வரிசையாக. முதல் படத்தில் இடது தோள் தொங்கி, இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, நனைந்த சட்டையைக் கொடியில் போட்டது போல நிற்கிறார். ஏழாவதில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். கீழே "ஐந்தே மாதங்களில்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவரை நிமிர்த்தியது நான்தான். கிளினிக்கை நடத்தும் பெரிய டாக்டர், யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு, "இவங்க வேலைதான்" என்பார். நானும் பல்லைக் காட்டிவிட்டுப் போவேன்.

கிட்டே போய்ப் பார்த்தால் முதல் ஆறு படங்களிலும் அவர் இடுப்புப் பக்கம் நான்கு விரல்கள் தெரியும். அவை யாருடையவை என்று நோயாளிகள் ஒருவரும் கேட்டதில்லை. அதைச் சொல்லித் தொலைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட். படத்தில் இருப்பவரை சார் என்றுதான் கூப்பிடுவேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறு கிலோ. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் முதன்முதலில் போனபோது ஆறு வாரமாகப் படுக்கையில் இருந்தார். தொடையைத் தொட்டால் அரைத்த மாவைத் தொட்டது போல இருந்தது. கெண்டைக்கால் இறுகி, பாதம் கீழ்நோக்கி வளைய ஆரம்பித்திருந்தது. தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் அது வாரக்கணக்கில் கரைந்துவிடும். திரும்பக் கொண்டு வர மாதக்கணக்கில் கெஞ்ச வேண்டும்.

அவர் மனைவியை அம்மா என்பேன். தபால்காரராக இருந்தவர். இருபத்தெட்டு வருஷம் தோளில் பையை மாட்டிக்கொண்டு நடந்தே தபால் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகும் விடிந்ததும் ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டு வருவாராம். சாருக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அது நின்று போயிருந்தது.

"அந்த ஒண்ணரை மணி நேரந்தாம்மா எனக்குன்னு இருந்துச்சு. மிச்சமெல்லாம் இவரோடது," என்றார் முதல் நாளே. "இவரு தானா எழுந்து பாத்ரூம் போற அன்னிக்கு நான் செருப்ப மாட்டிட்டுக் கிளம்பிடுவேன். சீக்கிரம் நடக்க வச்சிரு."

"மூணு வேளையும் பயிற்சி செஞ்சா அஞ்சு மாசத்துல நடந்துடுவாரும்மா. ஆனா நான் தினமும் முக்கா மணி நேரந்தான் இருப்பேன். மீதி வேளைக்கு யாராச்சும் பிடிக்கணும்."

"ஒரு ஆளப் போட்டுக்கலாமா?" என்று கணவரைப் பார்த்தார்.

சாருக்கு அப்போது நாக்கு கொஞ்சம் குழறும். ஆனாலும் இதைத் தெளிவாகச் சொன்னார். "வெளியாள் கை பட்டா எனக்கு ஒத்துக்காது. நீதான் இருக்கியே."

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அம்மா ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. கூலிக்கு வருகிறவர் நாலு நாளில் நின்றுவிடுவார். வீட்டு மனுஷி எங்கே போவார்?

சாரின் இடுப்பில் கட்டிய பெல்ட்டை எப்படிப் பிடிப்பது, முழங்காலை மடக்கி முதுகை வளைக்காமல் எப்படித் தூக்குவது என்று அம்மாவுக்கு இரண்டு நிமிஷம் சொல்லிக் கொடுத்தேன். இரண்டே நிமிஷம். கட்டில் ரொம்பத் தாழ்வாக இருந்தது. கால்களுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தச் சொன்னேன். உயரமான கட்டிலில் தூக்கம் வராது என்றார் சார். சரி என்று விட்டுவிட்டேன். அந்தத் தாழ்ந்த கட்டிலிலிருந்து அவரை எழுப்ப, அம்மா எதிரே குனிந்து, பெல்ட்டைப் பிடித்து, இடுப்பைத் திருகித்தான் இழுக்க முடியும். அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். என் கண் சாரின் இடது முழங்காலில் இருந்தது.

உட்கார்ந்து எழுவது, ஒரு வேளைக்குப் பத்து முறை, மூன்று வேளை. நோட்டில் அழகாகக் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தேன். முப்பது முறை அவர் எழுந்தால் முப்பது முறை இன்னொருவர் தூக்குகிறார் என்பதற்கு அந்த நோட்டில் கட்டம் கிடையாது.

படுக்கையறைக் கதவுநிலையில் கறுப்பு டேப்பால் நேர்கோடுகள் ஒட்டினேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை சாரை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுப்பேன். தோள் எவ்வளவு சரிந்திருக்கிறது, எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பதெல்லாம் கோட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அம்மா அவருக்கு இடது பக்கம், வலது கையால் பெல்ட்டைப் பிடித்தபடி நிற்பார்.

சாரின் உடம்பு கேட்ட வேலையைச் செய்தது. இரண்டாவது மாதம் படுத்தபடி இடுப்பைத் தூக்கினார். பின்புறத் தசை கெட்டிப்பட்டதும் சரிந்த இடுப்பு மேலே வந்தது. இடுப்பு வந்ததும் தோள் தானாக மட்டத்துக்கு வந்தது. உடம்பு அப்படித்தான், கீழே ஒன்று சரியானால் மேலே இரண்டு சரியாகும். இடது காலில் எடையைப் போட அவருக்குப் பயம். "அம்மா பிடிச்சிருக்காங்க சார், விழமாட்டீங்க," என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். அவரும் நம்பிச் சாய்வார். அந்த எடை எங்கே போய் இறங்கியது என்று இப்போது கேட்டு என்ன?

மூன்றாவது மாதம் அம்மா பயிற்சிக்கு நடுவே சொன்னார். "ஏம்மா, எனக்கு வலது கால் பெருவிரல் பக்கம் மரத்த மாதிரியே இருக்கு. தொடை பின்னால சுரீர்னு இழுக்குது."

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். "ஏழு… எட்டு… பேசாதீங்கம்மா, எண்ணிக்கை தப்பிடும்."

பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

வராந்தாவில் செருப்பு இழுபடும் சத்தம் கேட்கும். சார் நடந்தால் காலைத் தூக்கி வைக்கச் சொல்லி அதட்டுவேன். அந்தச் சத்தத்துக்கு என் காது அவ்வளவு பழகியிருந்தது. ஒரு நாள் சார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. அம்மா காபி எடுத்து வந்துகொண்டிருந்தார். "என்னம்மா, சார் செருப்ப மாட்டிட்டுச் சுத்தறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். அவரும் சிரித்தார். படித்துப் பட்டம் வாங்கி, பதினாறு வருஷம் இதே தொழிலில் கொட்டை போட்ட நான் கேட்ட கேள்வி அது.

ஐந்தாவது மாதக் கடைசியில் சார் யாரும் பிடிக்காமல் எழுந்து பாத்ரூம் போய்த் திரும்பி வந்தார். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. ஏழாவது படத்தை அன்றுதான் எடுத்தேன். சார் தனியாக நின்றார். அம்மா பழக்கதோஷத்தில் பக்கத்தில் வந்து நின்றார், கதவைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் பெரிய டாக்டர் கூப்பிட்டார். "வரவேற்பறையில மாட்டணும். அந்த ஏழு படத்தையும் சாயங்காலத்துக்குள்ள அனுப்பும்மா. பக்கத்துல நிக்கறவங்கள வெட்டிடு. பார்க்கிறவங்களுக்கு பேஷண்ட் மட்டும் தெரியணும்."

போனில் ஒவ்வொரு படமாகத் திறந்து அம்மாவை வெட்டினேன். வெட்டுவதற்காகத்தான் அவரை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். முதல் படத்தில் அவர் தலை சாரின் காதுக்கு நேரே இருந்தது. மூன்றாவதில் வலது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது. ஐந்தாவதில் உடம்பே ஒரு பக்கமாக ஒடிந்து சாய்ந்திருந்தது. முதுகெலும்பில் நரம்பு நசுங்கினால் வலியிலிருந்து தப்பிக்க உடம்பு அப்படிச் சாயும். இரண்டாம் வருஷ மாணவி பார்த்தாலே சொல்லிவிடுவாள். ஏழாவதில் அவர் வலது காலை ஊன்றவே இல்லை. என் கோடுகள் அவருக்குப் பின்னாலும் நேராகத்தான் இருந்தன. நான்தான் அவரை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். படங்களை வெட்டி அனுப்பிய பிறகுதான் நான் கிளம்பிப் போனேன்.

"அம்மா, குதிகால்ல நில்லுங்க, பாப்போம்," என்றேன்.

இடது பாதத்தின் முன்பக்கம் மேலே எழுந்தது. வலது பாதம் தரையிலேயே கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "தூக்கறேன்மா, வர மாட்டேங்குது," என்றார்.

ஸ்கேன் எடுத்தோம். அறுவை சிகிச்சை நடந்தது. நரம்பு மாதக்கணக்கில் நசுங்கியிருந்ததால் வலி போகும், பாதம் வருவது சந்தேகம் என்று அறுவை சிகிச்சை டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். வலி போனது. பாதம் வரவில்லை. பாதத்தைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டால் வீட்டுக்குள் நடக்கலாம். ஒன்றரை மணி நேரமெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாது.

பட்டைக்கு அளவெடுக்க அம்மாவை, வெளியூரிலிருந்து வந்திருந்த அவர் மகள் கிளினிக்குக்கு அழைத்து வந்தாள். நான் வெளியே வந்தபோது அம்மா வரவேற்பறைப் படத்தின் முன்னால் கைத்தடியோடு நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா எவ்ளோ நல்லா இருக்காரு, இல்லம்மா?" என்றாள் மகள்.

அம்மா விரலால் படத்தைத் தொட்டார். ஒரு வீட்டுத் தபால்பெட்டியின் மூடி நசுக்கியதால் பாதி நகம் கறுத்துப்போன ஆள்காட்டி விரல். படத்தில் பெல்ட்டைப் பிடித்திருப்பதும் அதே கறுத்த நகம்தான். அந்த விரல்களையும் வெட்டப் போனால் சாரின் இடுப்பு வெட்டுப்பட்டிருக்கும் என்று நான் விட்டிருந்தேன்.

"வெட்டறதுதான் வெட்டினே," என்றார் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "இதையும் வெட்டியிருக்கலாம்ல?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அளவெடுக்க உள்ளே கூப்பிட்டேன்.

போன வாரம் பட்டையை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கறுப்பு டேப் இன்னும் கதவுநிலையில் இருந்தது. அம்மாவுக்குப் பட்டையை மாட்டி, செருப்பைப் போட்டு, அதே இடத்தில் நிறுத்தினேன். வலது காலில் எடையைப் போட்டுப் பழக வேண்டும். பத்து முறை, மூன்று வேளை. விழாமல் இருக்க ஒருவர் பெல்ட்டை லேசாகப் பிடித்தால் போதும், தூக்கக்கூடத் தேவையில்லை.

சார் நாற்காலியில் இருந்தார். "சார், மத்த ரெண்டு வேளையும் நீங்க கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"

அவர் எழுந்து நின்றார். கையை ஊன்றாமல், இரண்டு காலிலும் சமமாக எடையைப் போட்டு, முதுகை நேராக வைத்து எழுந்தார். நான் சொல்லிக் கொடுத்ததில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இப்பத்தான் டாக்டரம்மா நான் தேறி வந்திருக்கேன். பிடிக்கப் போயி எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா? தப்பாக் குனிஞ்சா இடுப்பு போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். அவர் குரலில் கோபமோ வெறுப்போ துளியும் இல்லை. அக்கறையாகத்தான் பேசினார். "ஒரு ஆளப் போட்டுக்கட்டும். நான் ஒண்ணும் வேணாம்னு சொல்லலியே."

எனக்கு அவரை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல இருந்தது. அதே கையால் எனக்கும் ஒன்று விட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நான் இரண்டையும் செய்யவில்லை. அம்மா பக்கம் திரும்பினால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு.

"நான் அப்படியே கடை வரைக்கும் போயி பேப்பர் வாங்கிட்டு வந்துடறேன்," என்றார் சார். "நடக்கணும்னு சொல்லியிருக்கீங்களே."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். அம்மா கதவுநிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, தெருவில் அவர் காலடியைக் கேட்டார். நானும் கேட்டேன். இடது, வலது, இடது, வலது. எங்கேயும் இழுபடவில்லை.

"நல்லா நடக்கறாருல்ல?" என்றார்.

"ஆமாம்மா."

"ம். எண்ணு."

நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்று என்றேன்.