சீமாட்டியின் வளையங்கள்

"கைப்பிடியிலேர்ந்து கைய எடுங்க மாப்ளே. இல்லேன்னா நான்..."

"அண்ணி, முதலாளி வந்துட்டிருக்காரு, இப்பப் போயி நீங்க..."

"வரட்டும். அவரு வர்றாருன்னு துரையக் காவு குடுக்க முடியுமா?"

"காவுன்னு யாரு சொன்னது? கல்யாணம்னு சொல்லுங்க!"

"பொண்ணு யாருன்னே தெரியல, அதுக்குள்ள கல்யாணமாம்!"

கூண்டுகளுக்குப் பின்னால் இருந்த குறுகலான நடையில் ஒரே இரும்புக் கைப்பிடியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் அந்தத் தனியார் மிருகக்காட்சி சாலையின் வைத்தியரம்மா. மற்றவர் அங்கே மேனேஜர், வைத்தியரம்மாவின் தங்கை புருஷன். கைப்பிடியை இழுத்தால் இரண்டு கூண்டுகளுக்கும் நடுவில் இருக்கிற இரும்புத் தட்டி மேலே ஏறிவிடும். இடது கூண்டில் துரை, வயதான ஆண் கருஞ்சிறுத்தை. வலது கூண்டில் சீமாட்டி. துரைக்கு ஜோடி என்று சொல்லி மேனேஜர் போன மாதம் வாங்கிக்கொண்டு வந்தது. இரண்டும் அட்டைக் கறுப்பு.

"சீமாட்டி சிறுத்தையே இல்ல மாப்ளே. ஜாகுவார், வேற ஜாதி. தட்டியத் தொறந்தா துரை மண்டையக் கடிச்சு நொறுக்கிடும்."

"நேத்து வரைக்கும் சிறுத்தை. காலைல எழுந்து பல்லு வெளக்கிட்டு ஜாகுவார் ஆயிடுச்சாக்கும்?"

"வாலப் பாருங்க. துரைக்கு எவ்ளோ நீளம், இதுக்கு எவ்ளோ குட்டை!"

"என் பொண்டாட்டிகூடத்தான் குட்டை. அதுக்காக அவ உங்க தங்கச்சி இல்லேன்னு ஆயிடுமா?"

"தலை பானையாட்டம் இருக்கு. நேத்து முழுக்கத் தண்ணித் தொட்டியிலயே உக்காந்திருந்துச்சு. துரை தண்ணிய நக்கிட்டு வந்துடுவான், கால்கூட நனைக்க மாட்டான்."

"புழுக்கம் அண்ணி. எடம் இருந்தா நானே போய் உக்காந்திருப்பேன்."

"தீனிக்குப் போட்ட தொடை எலும்ப அப்பளமா நொறுக்கிப் போட்டிருக்கே?"

"பசி."

எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. அதுதான் வைத்தியரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதிலைச் செய்து அடுக்கி வைத்திருக்கிற மனுஷனை எப்படி நம்புவது?

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் மேனேஜர். "போன வாரம் நீங்கதானே பாத்தீங்க? 'வளையத்துக்குள்ள புள்ளி இல்ல, சிறுத்தைதான்'னு வாயாரச் சொன்னீங்க. முதலாளி காதாரக் கேட்டாரு. அதுக்கப்புறம்தானே இன்னிக்கு நாள் குறிச்சாரு?"

அது உண்மைதான். கறுப்பு மிருகமானாலும் தோலில் வளையங்கள் இல்லாமல் போகாது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் பூவேலை செய்தாற்போல் மங்கலாகக் கிடக்கும். சிறுத்தைக்கு அந்த வளையங்கள் சின்னவை, உள்ளே வெறுமை. ஜாகுவாருக்குப் பெரியவை, உள்ளே புள்ளிகள் இருக்கும். அன்றைக்கு வைத்தியரம்மா வலது கூண்டில் பார்த்த மிருகம் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துச் சுருண்டு படுத்திருந்தது. விலாவில் வெற்று வளையங்கள். பார்த்தார், சொன்னார். இன்றைக்குத் துரை செத்தால் அந்த வாய்ச்சொல்தான் கொன்றதாகும்.

"சொன்னேன், இல்லேங்கல. அதான் என் மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு. இன்னொரு தடவ பாக்கணும். மொதல்ல அந்தச் சாக்க அவுருங்க, இருட்டா இருக்கு."

வலது கூண்டின் ஜன்னலில் ஒரு சணல் சாக்கு இறுக்கிக் கட்டியிருந்தது.

"புது எடம். வெளிச்சம் பட்டா மிரளும் அண்ணி."

"வந்து ஒரு மாசம் ஆச்சு. மிரள்றது அதுவா, நீங்களா?"

"அந்தச் சாக்க நான் கட்டல."

"பின்ன? சீமாட்டியே கட்டிக்கிட்டாளா?"

"உங்க தங்கச்சியக் கேளுங்க."

தங்கை அப்போதுதான் வாளியும் துடைப்பமுமாக நடைக்குள் வந்தாள். அந்த இரண்டு கூண்டுகளுக்கும் தீனி போடுவது, கழுவி விடுவது எல்லாம் அவள் பொறுப்பு.

"சத்தம் வாசல் வரைக்கும் கேக்குது. மிருகம் ரெண்டும் சும்மா கெடக்கு, மனுஷங்கதான் உறுமறீங்க."

"உங்க அக்கா தட்டியத் தொறக்க விட மாட்டேங்கறாங்க."

"ஏங்க்கா? இன்னிக்கு இது நடக்கலேன்னா இவரு வேலை போயிடும், தெரியுமில்ல? குவார்ட்டர்ஸக் காலி பண்ணிட்டு நாங்க எங்க போறது, உன் வீட்டுக்கா?"

"வா. வேணாம்னா சொல்லப்போறேன்? துரைக்குத்தான் போக வேற எடம் இல்ல."

வைத்தியரம்மா பையிலிருந்து டார்ச்சை எடுத்துக் கம்பிக்குள் அடித்தார். சீமாட்டி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. விலா முழுக்க ஒரே மையிருட்டு.

"நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாதுக்கா. கீழேர்ந்து சாச்சுப் புடி."

கீழேயிருந்து சாய்த்துப் பிடித்தார். வளையங்கள் எழும்பி வந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றுக்குள்ளும் மிளகு தெளித்தாற்போல் புள்ளிகள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். கைப்பிடியிலிருந்து அவர் கை தானாக நழுவியது.

"அண்ணி... சத்தியமா எனக்குத் தெரியாது. வித்தவன் சிறுத்தைன்னுதான் சொன்னான். எனக்கென்ன தெரியும்? உங்க பேச்சத்தான் மலைபோல நம்பினேன்."

அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. நடிக்கிறவனுக்கு இப்படி உதடு உலராது என்று வைத்தியரம்மாவுக்குத் தோன்றியது.

"அப்ப, போன வாரம் நான் பாத்தது யார?"

வைத்தியரம்மா தானே யோசித்துக்கொண்டு போனார். ஜோடி சேர்ப்பதற்கு முன் ஒன்றின் வாசனை மற்றதுக்குப் பழக வேண்டும். அதற்காகத் தினமும் கொஞ்ச நேரம் கூண்டு மாற்றி விடுவார்கள். துரை வலது பக்கம் போகும், சீமாட்டி இடது பக்கம் வரும். ஆனால் வைத்தியரம்மா பார்த்துவிட்டுப் போன பிறகுதான் மாற்றுவது வழக்கம். மாற்றி விடுகிற வேலையும் தங்கையுடையதுதான்.

"துரையத்தான் பாத்திருக்கேன்" என்றார் மெதுவாக. "அவன் முதுகப் பாத்துட்டுச் சீமாட்டின்னு சொல்லியிருக்கேன்."

தங்கை ஏற்கெனவே கழுவியிருந்த தரையில் இன்னொரு தரம் தண்ணீரை ஊற்றினாள்.

"டார்ச்சச் சாச்சுப் புடிச்சாத்தான் தெரியும்னு உனக்கு யாரு சொன்னாங்க?"

"நீதான் என்னிக்கோ சொன்னே."

"நான் சொன்னதில்ல."

"அப்ப இவரு..."

"நானா?" என்றார் மேனேஜர். "எனக்கே இப்பத்தான் தெரியும்."

வெளியே கார் வந்து நின்றது. கதவு சாத்துகிற ஓசை, முதலாளியின் இருமல். தங்கை துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசல் பக்கமே பார்த்தாள்.

"அங்க என்ன பார்வை? என்னப் பாரு. துரைய நீதான் குட்டியிலேர்ந்து பாட்டில்ல பால் குடுத்து வளத்தே. அன்னிக்கு நான் வர்றதுக்கு முன்னாடியே அவன இந்தப் பக்கம் மாத்தி விட்டியே, சீமாட்டி யாருன்னு தெரிஞ்சுதானே, இவரு வேலைக்காகத்தானே செஞ்சே?"