சம்பந்தியம்மாவின் முயல்தோல் செருப்பு

பாம்பு விஷயத்தில் என் அப்பா ஓட்டகரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. செக் நாட்டின் பில்சன் நகரப் பாம்பு வளர்ப்போர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. ஆனால் அவருடைய மலைப்பாம்பு ரூஷா குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்தது. உறையவைத்த எலியை வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டிக் கெஞ்சினார். அது சீண்டவேயில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிளாஜெனா அத்தை விருந்துக்கு வந்தார். நான் கட்டிக்கொள்ளப்போகும் ராடிமின் அம்மா. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, தான் வளர்த்த முயலின் தோலில் தானே தைத்து, கையோடு கொண்டுவந்திருந்த வீட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார். பால்கனி ஈரத்தில் அது நனைந்துபோக, கழற்றி ஹீட்டர்மேல் காயவைத்தார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. கிளம்பும்போது ஒன்றுதான் இருந்தது. வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினோம்.

“பாம்பு முழுங்கியிருக்குமோ?” என்றான் ராடிம். ரூஷா கூண்டுக்கு வெளியேதான் உலாத்திக்கொண்டிருந்தது.

அப்பாவுக்குச் சுருக்கென்றது. “எலியையே தொடாதது செருப்பையா திங்கும்? சம்பந்தியம்மா, நீங்க ஒத்தைச் செருப்போடதான் வந்திருப்பீங்க. வயசானா இப்படித்தான்.”

எல்லோரும் சிரித்தோம். அத்தை சிரிக்கவில்லை. அவருடைய அம்மா கடைசிக் காலத்தில், தான் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் போனவர்.

அடுத்த வாரம் ரூஷா செருப்பைக் கக்கியது. சூடும் முயல் வாசனையும் சேர்ந்தால் மலைப்பாம்புக்கு அது முயல்தான். சங்கத்தில் இதை வருஷா வருஷம் பாடம் எடுப்பவரே அப்பாதான்.

“சோஃபாவுக்கு அடியில கிடந்துச்சுன்னு சொல்லிடலாமா?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

“இந்த நாத்தத்தோடயா? கிளம்புங்கப்பா.” எனக்கு அவரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

நாங்கள் போனபோது அத்தை தன் வீட்டில் கோட்டு போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தார். ராடிம் அவரை ஞாபகமறதி டாக்டரிடம் அழைத்துப் போக இருந்தான். அத்தையேதான் கேட்டாராம். அந்த ஒத்தைச் செருப்புக்கு அப்புறம் அடுப்பைப் பற்றவைக்கக்கூடப் பயந்துபோய், ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாகவே காலம் தள்ளியிருக்கிறார்.

அப்பா செருப்பு இருந்த பையை நீட்டினார். “பாம்புதான் முழுங்கிடுச்சு சம்பந்தியம்மா. நீங்க ரெண்டு செருப்போடதான் வந்தீங்க. தப்பு என்மேல.”

அத்தை பையைத் திறக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க,” என்றார். “சத்தமா. என் பையன் காதுல விழணும்.”

அப்பா தரையைப் பார்த்தபடி மறுபடியும் சொன்னார்.