மணிவேல் வைத்திருந்த ஆமை

முகத்துவாரத்தில் எங்கள் ஃபைபர் படகு கவிழ்ந்தபோது நான் கரையேறிவிட்டேன். என் தம்பி மணிவேல் ஏறவில்லை. கருமாதிக்கு முதல் நாள் அம்மா அவன் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். சட்டைகளுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை போட்ட விளையாட்டுக் கார்டு ஒன்று தனியாக இருந்தது. அதில் ஆமைப் படம்.

அம்மா கையை உதறிக் கீழே போட்டாள். எங்கள் ஊர் கோட்டுச்சேரிமேட்டில் வலையில் ஆமை சிக்கினால் குங்குமம் வைத்துக் கடலிலேயே விட்டுவிடுவோம், கரைக்குக்கூடக் கொண்டுவர மாட்டோம். இவன் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.

“யாருகிட்டயாவது குடுத்துட்டு வா பஞ்சநாதா. நாளைக்கு இது இந்த வீட்ல இருக்கக் கூடாது.”

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் சும்மா கிடந்தபோது, வலை சரிசெய்யும் வலைக்கூடத்தில் தொடங்கிய விளையாட்டு அது. காரைக்காலில் செல்போன் கடை வைத்திருக்கும் ஜவஹர் அலிதான் கொண்டுவந்தான். ஒவ்வொரு கார்டிலும் ஒரு பிராணி. இறக்கி, எதிராளியின் பிராணியை அடிக்க வேண்டும். அதற்குமேல் எனக்குத் தெரியாது. நான் அங்கே போனதெல்லாம் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடத்தான்.

அன்று ஜவஹர் அலியும் பக்கத்துப் படகுக்காரன் காத்தமுத்துவும் கூடத்தில் இருந்தார்கள். கார்டை நீட்டினேன். காத்தமுத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்த ஆமையால் அடிக்கவே முடியாது, அதன் பலம் பூஜ்ஜியம் என்றான். மணிவேல் அதை இறக்கும்போதெல்லாம் சிரிப்பார்களாம்.

ஜவஹர் அலி ஒத்துக்கொள்ளவில்லை. யாரும் மதிக்காத நல்ல கார்டு அதுதான், மற்றதெல்லாம் அடிபட்டால் செத்துவிடும், ஆமை மட்டும் சாகாமல் நம் கைக்கே திரும்பிவிடும் என்றான்.

“இந்த ஊர்ல எவனும் அதுல எழுதியிருக்கறத படிச்சே பாக்கலண்ணே. படத்த பாத்துட்டு தள்ளிட்டானுவ.”

“நான் படிச்சேன்டா,” என்றான் காத்தமுத்து. “கைக்கு வந்தா வச்சுக்கணும். எப்ப வரும் எப்ப வரும்னு எதிராளி யோசிச்சுக்கிட்டே கெடப்பான்.”

“வச்சுக்கிட்டு பூசையா பண்ணப் போற? திரும்ப இறக்கணும். மணி அப்படித்தான் ஆடுவான்.”

“எங்கடா ஆடுனான்? ஆட்டம் முடியறப்ப ஆமை அவன் கையிலதான் இருக்கும்.”

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்னையே உட்காரவைத்து ஆடச் சொன்னார்கள். ஆமையை இறக்கினேன். காத்தமுத்துவின் புலி அடித்தது, ஆமை என் கைக்கு வந்தது. இறக்குங்கண்ணே என்றான் அலி, இறக்காதண்ணே என்றான் காத்தமுத்து. நான் கையிலேயே வைத்துக்கொண்டேன். கடைசியில் நான் தோற்றுவிட்டதாகச் சொன்னார்கள். இன்னொரு முறை இறக்கியிருந்தால் ஜெயித்திருப்பேனாம். அது அலியின் கருத்து. காத்தமுத்துவோ, முதலிலேயே இறக்கியிருக்கக் கூடாது என்றான். கார்டை இருவருமே வாங்கிக்கொள்ளவில்லை.

கார்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவேன் என்று அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். யாரும் வாங்கவில்லை என்றேன்.

“அத வச்சு அவன் ஜெயிச்சானா?”

“தெரியலம்மா. ஆளுக்கு ஒண்ணு சொல்றானுவ.”

உள்ளே போய்க் குங்குமச் சிமிழோடு வந்தாள். உறையின் மேல், ஆமையின் ஓடு இருந்த இடத்தில் ஒரு பொட்டு வைத்தாள்.

“கொண்டு போயி விட்டுடு.”

கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதை விட்டேன். உறைக்குள் காற்று இருந்ததோ என்னவோ, மிதந்தது. அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் கைலியில் ஒட்டவைத்தது. எடுத்து மறுபடி விட்டேன். மறுபடி வந்தது. குங்குமம் கரைந்துபோயிருந்தது.

கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இன்னொரு முறை விடுவதா, வைத்துக்கொள்வதா? தம்பி எப்படி ஆடினான் என்று சொல்லக் கூடியவர்கள் இருவர்தான், இருவரும் வேறு வேறு சொல்கிறார்கள்.

விட்டியா என்று அம்மா கேட்டாள். விட்டேன் என்றேன். அது பொய்யில்லை. கார்டு வீட்டிலும் இல்லை. வலைக்கூடத்தில், ஆணியில் தொங்கும் என் பையில் கிடக்கிறது. ஜவஹர் அலி பார்த்தால் தப்பு, திரும்ப இறக்கணும் என்பான்.