அஞ்சடிக்கு அஞ்சடி

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது. பொய் சொன்னவன் நான். போன மாதம் கரங்கான் டவுனில் நாசி லெமாக் சோறு வாங்க இறங்கியபோது மோட்டார் சைக்கிளை அஞ்சடியில் ஏற்றி நிறுத்தினேன். [அஞ்சடி: கடை வரிசைக்கு முன்னால், கூரைக்குக் கீழே, மக்கள் நடப்பதற்காக விட்ட பாதை. ஐந்தடி அகலம், அதனால் அந்தப் பெயர். மக்கள் நடப்பதைத் தவிர மற்ற எல்லாம் அங்கே நடக்கும்.] சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெண் மோட்டாருக்கு முன்னால் வழியில்லாமல் நின்றார்.

"அண்ணே, இது உங்க மோட்டரா?"

"இல்லலா," என்றேன்.

அவர் வந்த வழியே திரும்பிப் போய், ரோட்டில் இறங்கி, செம்பனைக் குலை லாரிகளுக்கு ஓரமாக உருட்டிக்கொண்டு போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஒரு நகரத்தின் நடைபாதைகளே அதன் நாகரிகத்தின்..." வேண்டாம். யாரோ மைக்கைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்பதுபோல் இருக்கிறது.

இரண்டாவது, நாற்காலிப் பெண்ணுக்கு உமாராணி என்று பெயர் வைத்து: "உமாராணி அழுதாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள்..." இதையும் அடித்துவிட்டேன். எழுத எழுத எனக்குத்தான் கண் கலங்கியது, அவள் கலங்கவில்லை. கால் எப்படிப் போனதென்று அவள் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. உங்கள் கால் எப்படி வந்ததென்று அவள் கேட்கவில்லையே.

மூன்றாவது நின்றது: உமாராணிக்கு வேலை கிடைத்துவிட்டது. கடை வரிசையின் கடைசியில் இருக்கும் பல் கிளினிக்கில் கவுன்டர் வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். முதல் நாளே தாமதமென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். வழியில் ஷஃபிக் பாயின் ரொட்டிச் சானாய் கடை. அவர் கடை முடிந்து அடுத்த கடை தொடங்கும் இடத்தில் அஞ்சடி ஐந்து அங்குலம் ஏறுகிறது. (உண்மையில் அந்த வரிசையில் நான்கு படிகள். இத்தனை சின்னக் கதை ஒரு படிக்கு மேல் தாங்காது.)

"நாங்க ரெண்டு பேரு தினமும் தூக்கி வச்சிடுறோம்மா," என்றார் ஷஃபிக். நல்ல மனிதர்.

"வேணாம் பாய். நீங்க கடை அடைக்கிற அன்னிக்கு நானும் லீவு போடணுமா?"

3

இங்கேதான் எனக்குக் கை பரபரத்தது. இரும்புப் பட்டறை வைத்திருக்கும் விக்னேஸ்வரனுக்கு உமாராணி போன் போட்டாள்.

"அண்ணே, அஞ்சடிக்கு ஒரு ரேம்ப் அடிச்சுக் கொடுங்க. சனிக்கிழமை வேணும்."

அவள் மனதில் இருந்தது இரண்டடிச் சாய்வுத் தகடு. சனிக்கிழமை வேனிலிருந்து இறங்கியது ஐந்தடி நீளம்.

"என்னண்ணே இவ்ளோ நீளம்?"

"நீதானம்மா அஞ்சடிக்குன்னு சொன்ன. அளந்து பாரு."

"நான் சொன்னது இந்த அஞ்சடிண்ணே," என்று தரையைக் காட்டினாள்.

"அப்ப நீளம் எத்தனைன்னு நீ சொல்லவே இல்லையே."

இதைச் சிரிப்புக்காகத்தான் எழுதினேன். பிறகு சந்தேகம் வந்து, சக்கர நாற்காலிச் சாய்வுக்கு ஏதாவது அளவு உண்டா என்று தேடிப் பார்த்தேன். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம். அப்படியென்றால் ஐந்து அங்குலப் படிக்கு ஐந்தடி. உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டேன். இரண்டடித் தகட்டில் ஏறியிருந்தால் மல்லாந்திருப்பாள். ஒரு சொல்லில் வந்த குழப்பம் அவளுக்குச் சரியான கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. எழுதுகிறவனுக்கு இப்படி வருஷத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் பெரிது.

4

ஆனால் அந்த ஐந்தடியும் ஷஃபிக் கடை அஞ்சடியில் போட்டிருக்கும் நான்காம் மேசையின் இடத்துக்கு நீள்கிறது. காலையில் முதலில் நிரம்புகிற மேசை அது. [ஷஃபிக்கை வில்லனாக்கிப் பார்த்தேன். பெரிய மீசைகூட வைத்தேன். ஒத்துவரவில்லை.]

"மேசைய எடுத்துட்டா என் கஸ்டமர் எங்கம்மா உக்காருவான்?"

"எனக்கு வேலை போச்சுன்னா நானே வந்து உக்காந்துக்கறேன் பாய். ஒரு கிளாஸ் தே ஓ வாங்கிட்டு சாயங்காலம் வரைக்கும்."

ஷஃபிக் சிரித்துவிட்டார். "சரிலா, போட்டுப் பார்ப்போம்," என்று மேசையை உள்ளே கொண்டுபோனார்.

ஞாயிற்றுக்கிழமை உமாராணி ஏழு தடவை ஏறி இறங்கினாள். எட்டாவது தடவை, கைப்பையைத் திறந்து கண்ணாடி பார்த்துவிட்டு ஏறினாள். அவளோடு சேர்ந்து எனக்கும் மூச்சு வாங்கியது. இத்தனை சந்தோஷமாக நான் எந்தக் கதையையும் எழுதியதில்லை.

5

இனி முடிவுகள்.

அ. எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். (வேலைக்குப் போகிறவளுக்கு எதற்குக் கைதட்டல்? எடுத்துவிட்டேன்.)

ஆ. "அதிகாரி ஒருவர் வந்து, இதற்கு யார் அனுமதி கொடுத்த..." வேண்டாம். அவரை எழுதத் தொடங்கினால் கதை அவருடையதாகிவிடும்.

இ. திங்கட்கிழமை காலை எட்டு ஐம்பது. மேசை இருந்த இடம் காலியாக, அழகாக இருக்கிறது. அப்படி ஓர் இடத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? சாய்வுத் தகட்டின் மேலேயே ஒரு மோட்டார் நிற்கிறது. ஹேண்டில் பூட்டியிருக்கிறது. உமாராணி நாற்காலியை நிறுத்திவிட்டு, நாசி லெமாக் பொட்டலத்துக்காக நிற்கிற ஆளைப் பார்க்கிறாள்.

போன மாதம் அந்த இடத்தில் நான் நின்றேன். இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், வர முடியாது. நிற்பது நீங்கள்தான். அஞ்சு நிமிஷம்தானே என்று ஏற்றி நிறுத்தினீர்கள். சாவி உங்கள் கையில் இருக்கிறது. அவள் கேட்கிறாள்:

"இது உங்க மோட்டரா?"