மாடு முன்னால், மோட்டார் பின்னால்

மலாக்காவில் காஜா பெராங் பக்கம் மாட்டுக்குச் சுழி பார்க்கத் தெரிந்தவன் யார் என்று கேட்டால் பிச்சையின் வீட்டைத்தான் காட்டுவார்கள். எந்த இடத்தில் சுழி விழுந்தால் குடி கெடும், எந்த இடத்தில் விழுந்தால் குடி தழைக்கும், பல்லைப் பிடித்தால் வயசு என்ன, வாலைப் பிடித்தால் குணம் என்ன, எல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அப்பேர்ப்பட்டவன் ஒரு பழைய மோட்டாரை வாங்கப் போனபோதும் அவனுக்கு வேறு மாதிரி பார்க்கத் தெரியவில்லை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். முன்விளக்குகளைத் துண்டால் துடைத்து, கண்ணில் பூ விழுந்திருக்கிறதா என்று பார்த்தான். சக்கரத்தை உதைத்தான். விலாவில் தட்டினான். கூரையில் எங்காவது கெட்ட சுழி தெரிகிறதா என்று எக்கிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பழுதில்லாத உருப்படி என்று முடிவு கட்டினான். முன்னால் இருந்த மூடியைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. மாடு வாங்குகிறவன் வயிற்றைக் கிழித்தா பார்க்கிறான்?

விற்றவர் துக்காங் எமாஸ் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ஷரீஃபுதீன் ராவுத்தர். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். தாடியில் அத்தர் மணக்கும். அவர் வாயிலிருந்து கெட்ட வார்த்தை ஒன்று விழுந்து கேட்டவர் மலாக்காவில் கிடையாது. கித்தா, அதாவது ரப்பர், விலை விழுந்த வருஷம் சீமைக்கு மூட்டை கட்டிய தோட்டத் துரை ஒருவன், போகிற போக்கில் அந்த மோட்டாரை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். புக்கிட் பெரிங்கிட் மேட்டில், துரை இருந்த பங்களாக் கொட்டகையிலேயே அது நின்றது. ராவுத்தருக்கு வேண்டியது மோட்டார் அல்ல, படகுத்துறையிலிருந்து மூட்டை இழுக்க ஒரு ஜோடி மாடு. பிச்சைக்கோ மாட்டுப் பிழைப்பு புளித்துவிட்டது. துறை வேலையை லாரிக்காரன் பிடுங்கிக்கொண்டிருந்தான். எத்தனை காலத்துக்குச் சாணியை மிதித்துக்கொண்டு வாலுக்குப் பின்னால் நடப்பது? மெத்தையில் உட்கார்ந்து வாடகை மோட்டார் ஓட்டினால் என்ன?

ஆக, மாட்டுக்கு மோட்டார். ராவுத்தரின் வாப்பா ராமநாதபுரத்துச் சந்தைகளில் மாட்டுத் தரகு பார்த்தவர். அதனால் பேரம் சந்தை வழக்கப்படியே நடந்தது. துண்டை மேலே போட்டு, கீழே விரலைப் பிடித்து, கட்டை வண்டியும் மாட்டோடு சேர்த்தி என்று முடிந்தது. மாட்டை விற்கிறவன் கயிற்றைக் கொடுக்கமாட்டான், கொடுத்தால் வீட்டு லட்சுமி அதோடு போய்விடும். பிச்சை பழைய கயிறுகளை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான். ராவுத்தர் பார்த்தார். தன் பக்கமும் ஏதாவது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டாமா? மோட்டாரின் ஊதுகுழலை, அமுக்கும் ரப்பர் உருண்டையோடு கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உன் கயிறு உன்கிட்ட, என் கயிறு என்கிட்ட," என்றார். பிச்சைக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாடுகளையும் வண்டியையும் ராவுத்தர் கடை வாசல்வரை அவனே ஓட்டி விட்டுவிட்டு வந்தான்.

ஓட்டிப் பார்க்க வேண்டும் அல்லவா? ராவுத்தர் ஓட்டும் வளையத்தைப் பிடித்து உட்கார்ந்தார், பிச்சை பக்கத்தில். கொட்டகைக்காரன் பின்னால் ஒரு தள்ளுத் தள்ளினான். மோட்டார் மேட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்கியது பாருங்கள், இலைமேல் தண்ணீர் போல. காற்று முகத்தில் அடித்தது.

"சத்தமே இல்லியே ராவுத்தரே?"

"மட்ட ரகந்தான் கத்தும். இது துரை வச்சிருந்தது."

அடிவாரத்துக்கு வந்து, சமநிலத்தில் கொஞ்சதூரம் உருண்டு, நின்றது. ராவுத்தர் இறங்கி, ஓடிவந்த உருப்படி இளைப்பாறட்டும், உடனே விரட்டாதே என்று சொல்லிவிட்டு மாடுகளைப் பார்க்கக் கடைக்குப் போய்விட்டார். ஓடிவந்த மாட்டை உடனே விரட்டக்கூடாது என்பது பிச்சைக்குத் தெரியாதா? வெயில் தாழும்வரை நிழலில் நிறுத்தி வைத்தான். அப்புறமும் அது அசையவில்லை. மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்போங்கிலிருந்து அவன் சிநேகிதன் தனபாலன் நாலு பேரோடு வந்து வீடுவரைக்கும் தள்ளிக் கொடுத்தான். அந்தச் செட்டிகளுக்குப் பேர்தான் தமிழ், பேச்செல்லாம் மலாய். தள்ளுகிற வழியெல்லாம் தனபாலன் மலாயில் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தான்: இது நம்மைச் சுமக்கிறதா, நாம் இதைச் சுமக்கிறோமா?

பிச்சையின் பெண்டாட்டி பூங்காவனம் வாசலில் நின்று பார்த்தாள்.

"மாடுன்னா தின்னுபுட்டுச் சாணியாவது போடும். இது என்னத்தப் போடும்?"

மறுநாள் அவளுடைய சிவப்புக் கோழி பின் மெத்தையில் ஏறி முட்டையிட்டது. பதில் கிடைத்துவிட்டது என்றாள்.

மோட்டார் ரிப்பேர் செய்யும் சீனக் கிழவன் ஒருவன் வந்து முன்மூடியைத் தூக்கினான். தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுத் துழாவினான். வெறுங்கையை வெளியே எடுத்துக் காட்டினான். வயிறு காலி என்று மலாயில் சொன்னான். குடல், ஈரல் ஒன்றும் இல்லை, யாரோ எப்போதோ எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே மூடியைச் சாத்திவிட்டு, கூலிகூட வாங்காமல் போனான். கூலி வாங்கியிருந்தால் பிச்சைக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கடைக்குப் போனான். சந்தை வழக்கத்தையே எடுத்துப் போட்டான். நுகத்தடியில் படுத்துக்கொள்கிற மாட்டை அமாவாசைக்குள் திருப்பிக் கொடுக்கலாம். உங்கள் உருப்படி படுத்துவிட்டது, எடுத்துக்கொண்டு என் மாட்டைக் கொடுங்கள் என்றான். ராவுத்தர் கொத்தமல்லியை நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"வழக்கம்னா முழுசாச் சொல்லணும் பிச்சை. திருப்புற உருப்படி தன் கால்ல நடந்து வந்து, வித்தவன் வாசல்ல நிக்கணும்."

"தன் கால்ல நடந்து வந்தா நான் எதுக்கு ராவுத்தரே திருப்புறேன்?"

"அத வழக்கத்தை வச்சவன்கிட்டக் கேளு."

அப்படியானால் மாட்டை ஒரு பொழுது இரவல் கொடுங்கள், கட்டி இழுத்து வருகிறேன் என்று கேட்டுப் பார்த்தான். மாடு இழுத்தால் அது மாட்டு வண்டி, மாட்டு வண்டியை நான் உனக்கு விற்கவில்லை, நீதான் எனக்கு விற்றாய் என்று ராவுத்தர் சொல்லிவிட்டார்.

கடை வாசலில் அவன் மாடுகள், மயிலையும் செவலையும், கிடந்தன. மயிலை நாக்கை நீட்டி அவன் முழங்காலை நக்கியது. பிச்சை திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அன்று தொட்டு படகுத்துறையில் மூட்டை சுமந்தான். மாடு இழுத்ததை அதற்குப் பிறகு அவன் முதுகு இழுத்தது. மாட்டின் அருமை என்ன என்று யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, முதுகே சொல்லியது. அமாவாசைக்குள் மாடு வரவேண்டும். வராவிட்டால் சாகிறவரைக்கும் சுமை கூலிதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் கதை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். மோட்டாரின் வயிற்றைப் பற்றி ராவுத்தர் வாய் திறக்கவில்லை என்றால், மாட்டின் குணத்தைப் பற்றிப் பிச்சையும் வாய் திறக்கவில்லை.

பிச்சை சின்ன வயசில் ரோட்டுக்குச் செம்பாறை உடைத்தவன். கங்காணியின் பிரம்பிலும் வசவிலும் வளர்ந்தவன். கங்காணி செத்துப்போனான், பிரம்பும் போயிற்று. வசவு மட்டும் பிச்சையின் வாயில் தங்கிவிட்டது. அவன் மாடுகளை ஒரு நாளும் அடித்ததில்லை, தன் முதுகுத் தழும்பு அடிக்க விடவில்லை. அடிக்காத கைக்கு வாய் நீளம். அந்த வசவைத்தான் கன்றுக்குட்டியிலிருந்து மாடுகளுக்குப் பாலோடு ஊட்டினான். ஆத்தாளில் தொடங்கி, அவளுடைய ஆத்தாளுக்குப் போய், அங்கிருந்து மனிதர் கால்வைக்கக் கூசுகிற இடங்களுக்கெல்லாம் போய்த் திரும்புகிற நீண்ட வசவு. அதைக் கேட்டால் இரண்டும் எழுந்து, மலையைக் கட்டினாலும் இழுக்கும். கேட்காவிட்டால் போட்ட இடத்தில் மடித்துப் படுத்துக்கொள்ளும்.

அப்படித்தான் ராவுத்தர் கடை வாசலில் விட்ட இடத்திலேயே படுத்துக்கொண்டன. அவர் புல் போட்டார், பிண்ணாக்கு கரைத்தார். "எந்திரிங்கப்பா, நல்ல புள்ளைகளா" என்று மரியாதையாகக் கேட்டுப் பார்த்தார். மாடுகள் அசைபோட்டன. கடைக்கு வருகிறவர்கள் மாட்டைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டியிருந்தது. தெருவின் ஒரு கோடியில் பள்ளிவாசல், ஒரு கோடியில் பிள்ளையார் கோவில். தொழப் போகிறவர்களும் கும்பிடப் போகிறவர்களும் நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள். பிச்சையின் வாய்தான் சாவி என்று யாரோ ராவுத்தருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

அமாவாசைக்கு முதல் நாள் ராவுத்தர் காஜா பெராங்குக்கு வந்தார். பிச்சையின் வீட்டு வாசலில் உட்காரத் தக்க இடம் மோட்டார் ஒன்றுதான். கோழியை விரட்டிவிட்டு இருவரும் முன் மெத்தையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், எங்கேயோ போகிறவர்கள் மாதிரி. பூங்காவனம் காப்பியை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.

"அந்த வார்த்தையச் சொல்லிக்கொடு பிச்சை."

"சத்தமாச் சொன்னா அவ வெளக்குமாத்தை எடுப்பா. காதைக் குடுங்க."

ராவுத்தர் காதைக் கொடுத்தார். பிச்சை தொடங்கினான். பாதியிலேயே ராவுத்தரின் கையிலிருந்த காப்பி அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது. முழுதும் கேட்டு முடித்ததும் இறங்கிப்போய், தண்ணீர் வாங்கிக் காதைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"இத நான் சொன்னா என் ஹஜ்ஜு போயிரும்."

"அப்ப மாட்டைத் திருப்பிக் குடுத்துருங்க."

"குடுத்தா மோட்டாரு?"

"அது உங்களது. எடுத்துக்கிட்டுத்தான் ஆகணும்."

ராவுத்தர் வெகுநேரம் வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார். மனுஷர் மாட்டையும் விடவேண்டும், சொன்ன சொல்லையும் விடக்கூடாது. மோட்டார் தன் காலில் வரவேண்டும் என்று தெருவே கேட்கச் சொன்னவர் ஆயிற்றே. கடைசியில் வழி கண்டுபிடித்தார்.

"மாடு முன்னால போகட்டும். மோட்டாரு பின்னால வரட்டும். நான் உள்ள உக்காந்து ஓட்டுறேன். மாடு இழுத்துச்சுன்னு மட்டும் நீ யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"நடுவுல கயிறு இருக்குமே?"

"இருந்துட்டுப் போகுது. கயிறு உன்னதுதானே?"

விடிந்ததும் பிச்சை துக்காங் எமாஸுக்குப் போய், தெரு விழிக்குமுன் மாடுகளை எழுப்பி ஓட்டிவந்தான். பழைய கயிறுகளால் மோட்டாரில் பூட்டினான். ராவுத்தர் புதுச் சட்டையும் தொப்பியுமாக ஏறி உட்கார்ந்து, இடுப்பிலிருந்து ஊதுகுழலை எடுத்து அதன் பழைய இடத்தில் மாட்டினார். பிச்சை ஒரு மூச்சு இழுத்து, வசவை அவிழ்த்துவிட்டான். மாடுகள் காதை விறைத்துக்கொண்டு கிளம்பின.

மோட்டார் கனமானது. கட்டை வண்டிக்குத் தெருவுக்கு ஒரு தரம் திட்டினால் போதும். இதற்கு மூச்சுக்கு ஒரு தரம் திட்ட வேண்டியிருந்தது. கூபு கடைத்தெரு வழியாகப் போகிறபோது கடைகள் திறந்துவிட்டன. சனம் வெளியே வந்து நின்றது. முன்னால் ஒருவன் நடந்துகொண்டே ஆத்தாளைத் தொடங்குகிறான், பின்னால் ஒரு ஹாஜியார் மோட்டாரில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இவர்தான் திட்டு வாங்குகிறார் என்று பார்த்தவர்கள் எல்லாம் நினைத்துக்கொண்டார்கள். ராவுத்தருக்கு அது புரிந்துவிட்டது. அடுத்த தரம் பிச்சை "உங்க ஆத்தாள" என்று ஆரம்பித்ததும் அவர் ரப்பர் உருண்டையை அமுக்கினார். பாம். வசவின் மிச்சம் குழலுக்குள் போய்விட்டது. பிச்சை இன்னும் சத்தமாகத் திட்டினான், குழலைத் தாண்டி மாட்டின் காதுக்கு எட்டவேண்டுமே. ராவுத்தர் இன்னும் பலமாக அமுக்கினார். எதிரே வந்த ரிக்‌ஷாக்காரன் ஒதுங்கி நின்று, நல்ல குழல் என்றான். தெரிந்தவர்கள் சலாம் சொன்னார்கள். ராவுத்தர் ஒரு கையால் சலாம் வாங்கி, மறு கையால் அமுக்கிக்கொண்டே வந்தார். வளையத்தை யாரும் பிடிக்கவில்லை. மாடுகளுக்கு வழி தெரியும்.

துக்காங் எமாஸ் முனையில் ரப்பர் உருண்டை வெடித்தது. அதே நேரத்தில் பிச்சையின் தொண்டையும் வெடித்தது. அதற்குப் பிறகு அவன் வாயசைத்ததில் காற்று மட்டும்தான் வந்தது. வந்த வேகத்தில் மாடுகள் கடை வாசல்வரை இழுத்துவிட்டன. பிச்சை பூட்டை அவிழ்த்தான். ராவுத்தர் இறங்கி, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, மோட்டார் தன் காலில் வந்து சேர்ந்தது, வழக்கப்படி திருப்பி வாங்கிக்கொண்டேன், மாடு இவனுடையது என்று கூடி நின்றவர்களிடம் அறிவித்தார்.

பிச்சை மாடுகளின் கழுத்தைத் தொட்டான். வந்துவிட்டன. அவனுடைய மாடுகள், அவனுடைய கயிற்றில். போகலாம் என்று திரும்பினான்.

மயிலையும் செவலையும் கால் மடக்கிக் கடை வாசலில் படுத்துக்கொண்டன.

அவன் வாயைத் திறந்தான். காற்று. இன்னொரு முறை திறந்தான். புண்ணான தொண்டையிலிருந்து பூனைக்குட்டி சத்தம்கூட வரவில்லை. ராவுத்தர் தண்ணீர் கொடுத்தார், பனங்கற்கண்டு கொடுத்தார், மிளகைக் கொடுத்தார். ஒன்றும் பலிக்கவில்லை. வெள்ளிக்கிழமை. பொழுது உச்சிக்கு ஏறி, ஜும்ஆத் தொழுகைக்கு ஆள் வரத் தொடங்கிவிட்டது. முன்னால் மாடு, பின்னால் மோட்டார், தெரு முழுதும் அடைத்துக் கிடந்தது. தன் மாடுதான், தன் கயிறுதான், ஆனால் ஒரு அடி நகர்த்த முடியாமல் பிச்சை நடுத்தெருவில் நின்றான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையைக் கூப்பி ராவுத்தரைப் பார்த்தான்.

ராவுத்தர் மேலே பார்த்தார். பள்ளிவாசல் பக்கம் பார்த்தார், கோவில் பக்கம் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கடைப் பலகையில் வைத்தார். குனிந்து, மயிலையின் காதில் வாயை வைத்து ரகசியமாகச் சொன்னார். மயிலை காதை ஆட்டியது, அவ்வளவுதான். கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். செவலை திரும்பிப் பார்த்தது.

அப்புறம் ராவுத்தர் நிமிர்ந்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆத்தாளில் தொடங்கி, அவளுடைய ஆத்தாளுக்குப் போய், ஒரு இடம் விடாமல் எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு வந்து முடித்தார். காதில் கேட்டதில் ஒரு சொல் பிசகவில்லை. மாடுகள் துள்ளி எழுந்து காஜா பெராங் பக்கம் நடையைக் கட்டின.

பிச்சை கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். ராவுத்தர் வாய் கொப்பளித்துக்கொண்டே நாலு எட்டு அவனோடு வந்து, அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"பிச்சை, இத நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

தெருவே கேட்டிருந்தது. இருந்தாலும் பிச்சை தொண்டையைத் தொட்டுக் காட்டி, சொல்லமாட்டேன் என்று தலையாட்டினான். அன்றைக்கு முழுதும் சொல்லவும் இல்லை.

மறுநாள் காலையில் குரல் வந்துவிட்டது.